பெண்மக்களும் விஞ்ஞானக் கல்வியும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ரயில்வே குமாஸ்தாவாகிய நான் மெட்ரிகுலேஷனுக்கு மேல் படித்தவனல்லன். எனினும் பெண்ணைப் பெற்றவன் என்னும் உரிமையில் சில சொல்ல விழைகின்றேன்.

பயணச்சீட்டு உள்ளவரை வாயிலில் தடுத்தல் முறையன்று. ஆயினும் விஞ்ஞானக் கல்வியின் வாயிலில் நம் நாட்டுப் பெண்கள் அவ்வாறு தடுக்கப்பட்டனர். 1933ஆம் ஆண்டு, பம்பாயில் பட்டம் பெற்ற கமலா சோஹோனி அம்மையார், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ஆராய்ச்சி செய்ய இடம் வேண்டினார். தகுதி இருந்தும், பெண் என்பதனால் மறுத்தவர் யார்? நாம் பெருமையுடன் போற்றும் சர் சி. வி. ராமன் அவர்களே! அம்மையார் விடாது வாதாடி, ஓராண்டுச் சோதனைக்கு உடன்பட்டு இடம் பெற்றார். 1939இல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டமும் பெற்றார். மேதையின் உள்ளத்திலேயே அத்தடை இருந்ததெனில், நம் போன்றோர் உள்ளத்தைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

இனி ஒரு தந்தையின் கதையைக் கேளுங்கள். சென்னையில் லலிதா என்னும் பெண், பதினெட்டு வயதில் கைக்குழந்தையுடன் கணவனை இழந்தார். அவர் தந்தை சுப்பாராவ், கிண்டிப் பொறியியற் கல்லூரிப் பேராசிரியர். மகளை மூலையில் அமர்த்தாது, மேலதிகாரிகளிடம் வாதாடி, ஆண்களே பயின்ற அக்கல்லூரியில் சேர்த்தார். 1943இல் அம்மையார் மின்பொறியியற் பட்டம் பெற்றார். தொழிற்பயிற்சி பெற்ற இடம் எது தெரியுமா? நம் ஜமால்பூர் ரயில்வே பட்டறையே!

இதனைப் படித்தபோது என் தலை தாழ்ந்தது. சென்ற ஆண்டு என் மகள், கல்லூரியில் கணிதம் பயில விண்ணப்பத்தாளுடன் வந்து நின்றாள். "இவ்வளவு கணக்கு உனக்கு எதற்கம்மா? நாளை வரன் அமைய வேண்டாமா?" என்றேன். அவளினும் குறைந்த மதிப்பெண் பெற்ற மகனுக்கோ, பிராவிடண்டு நிதியில் கடன் பெற்றுத் தனிப்பயிற்சி வைத்திருந்தேன். அவள் மறுமொழி கூறவில்லை. தாளை மடித்து வைத்துவிட்டாள். நான் தவற்றை உணர்ந்தபோது, விண்ணப்பிக்கும் நாள் கடந்துவிட்டது. அவளுக்கு ஓராண்டு வீணாயிற்று. இவ்வாண்டு நானே அவளை அழைத்துச் சென்று சேர்த்துவிட்டேன். எனினும் இழந்த ஓராண்டை நான் எவ்வாறு திருப்பித் தருவேன்?

அன்பர்களே! பிழைப்பின் பொருட்டுத் தமிழகம் விட்டு இத்துணைத் தொலைவு வந்தோம். பழைய எண்ணத்தை மட்டும் ஏன் சுமந்து வரவேண்டும்? உங்கள் மகள் விண்ணப்பத்தாளுடன் வரும்போது என்னைப் போல் வாயிலை அடைக்காதீர்கள். சுப்பாராவைப் போல் உடன் செல்லுங்கள்.