திண்ணைக்கு வந்த டிவி

(எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் நடந்த ஞாயிறு கூடலில் பேசியதன் எழுத்து வடிவம்)



உள்ளே வரும்போதே இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள், மேசை மேல் இருப்பது என்ன அலமாரியா என்று. அலமாரி இல்லை. இரண்டு பக்கமும் தள்ளித் திறக்கிற மரக்கதவு வைத்த 20 அங்குல கலர் டிவி. எண்பதுகளின் நடுவில் வாங்கப்பட்டது. கம்பெனிப் பெயர்த் தகடு விழுந்துவிட்டது. சாலிடேர், டயனோரா என்று அந்தக் காலத்துச் சென்னைக் கம்பெனிகளின் பெயரைச் சொன்னால் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் முகம் மலரும். அந்த வரிசையில் வந்த ஏதோ ஒன்று.

கதவுக்குப் பூட்டும் இருக்கிறது, பாருங்கள். டிவிக்கு எதற்குப் பூட்டு என்று கேட்கிற தலைமுறை நீங்கள். அன்றைக்கு யார் பார்க்கலாம், யார் பார்க்கக் கூடாது என்பதை ஒரு சாவி முடிவு செய்தது. சாவி வீட்டுக்காரர் மடியில் இருந்தது.

டிவியின் வரலாற்றைச் சொல்கிறவர்கள் வழக்கமாகத் தேதிகளைச் சொல்வார்கள். 1959இல் தில்லியில் தொடங்கியது, 1975 ஆகஸ்ட் 15இல் சென்னைக்கு வந்தது, 1982இல் விடுதலை நாள் உரையோடும் தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டியோடும் கலருக்கு மாறியது. எல்லாம் சரிதான். அதே 1982 பிப்ரவரியில் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியது. எங்கள் கடற்கரைப் பக்கத்தில் உயரமான இரும்புக் குழாயில் ஆன்டெனாவைக் கட்டி அதைப் பிடித்தார்கள். ஆன்டெனா மேலத்தெருவில்தான் நின்றது. கீழத்தெருவிலிருந்து பார்த்தால் கோயில் கோபுரத்துக்கு அடுத்து அதுதான் தெரியும்.

வெள்ளிக்கிழமை ஒலியும் ஒளியும் பார்க்க நாங்கள் பத்துப் பிள்ளைகள் போவோம். கூடத்தில் மேலத்தெருக்காரர்கள். திண்ணையில் அவர்கள் வயலில் வேலை பார்க்கிற மற்ற சாதிக்காரர்கள். நாங்கள் தெருவில், ஜன்னலுக்கு வெளியே. ஜன்னல் கம்பியைப் பிடித்தால் திட்டு விழும். கம்பியைத் தொடாமல் கால் கட்டைவிரலில் எக்கி நின்று பார்க்கப் பழகினோம். 1987 ஜனவரியில் ராமாயணத் தொடர் தொடங்கியதும் ஞாயிறு காலையில் டிவிக்கு மாலை போட்டுச் சூடம் காட்டினார்கள். அன்றிலிருந்து ஞாயிறு காலையில் ஜன்னலும் சாத்தப்பட்டது. மின்சாரத்தில் ஓடுகிற பெட்டிக்கும் தீட்டு வந்துவிட்டது.

இந்தப் பெட்டி எங்களுக்கு வந்த கதையைச் சொல்கிறேன். போன ஆண்டு மேலத்தெருவில் ஒரு பழைய வீட்டை இடித்தார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில். சாமான்கள் பழைய இரும்புக் கடைக்குப் போயின. கடைக்காரர் மரக்கதவைத் தனியாக விற்கவும், உள்ளே இருக்கிற செம்புக் கம்பியை உருவவும் கணக்குப் போட்டிருந்தார். பிக்சர் ட்யூபின் கழுத்தைச் சுற்றி இருக்கிற காயிலில் நல்ல செம்பு கிடைக்கும். அதற்காகத்தான் ஊர் ஊராக ட்யூப்களை உடைக்கிறார்கள். அந்தக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. உடைக்கிற கை யாருடையது என்று இந்த அவையில் நான் சொல்லத் தேவையில்லை.

"மரக்கதவு டிவிக்கு இப்ப சென்னையில கிராக்கிங்க. காபி கடையில அலங்காரத்துக்கு வைக்கிறாங்க" என்றார். பேரம் பேசி 1,800 ரூபாய்க்கு முடித்தோம். பழம்பொருள் சந்தையில் 'பெரிய வீட்டுச் சாமான்' என்ற சொல்லுக்கே தனி விலை உண்டு. அந்தப் பெரிய வீட்டு ஜன்னலுக்கு வெளியே எக்கி நின்றவர்களின் நினைவுக்கு அங்கே விலை கிடையாது.

ஏற்றி வர ஒரு குட்டியானையைப் பிடித்தோம். தூக்கிப் பார்த்தபோதுதான் கனம் தெரிந்தது. மூன்று பேர் வேண்டும். பாரம் முழுவதும் திரைப் பக்கம்தான், பின்னால் வெறும் கூடு. முன்பக்கம் பிடிக்கிறவர் கை விட்டால் பெட்டி கவிழ்ந்துவிடும். வண்டியில் பழைய மெத்தையைப் போட்டு, பெட்டியை நிமிர்த்தியே வைத்து, திரையை டிரைவர் முதுகுப் பக்கம் ஒட்டிக் கட்டினோம். ட்யூபின் பின்கழுத்து மெல்லிசுக் கண்ணாடி. அது விரிந்து காற்றுப் புகுந்தால் முடிந்தது கதை. பதினொரு கிலோமீட்டரை ஒன்றரை மணி நேரத்தில் கடந்தோம். வழியில் கடந்துபோன கல்யாண ஊர்வலத்தில் எங்களை விட வேகம் இருந்தது.

இனி மெக்கானிக் அண்ணனைப் பற்றி. பெயர் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். கீழத்தெருவின் முதல் டிவி மெக்கானிக். அவர் அப்பா மேலத்தெரு சாவுகளுக்குப் பறையடித்தவர். மகன் அரசு ஐடிஐயில் இட ஒதுக்கீட்டில் இடம் வாங்கி ரேடியோ, டிவி மெக்கானிக் பிரிவில் படித்தார். எல்இடி டிவி வந்ததும் தொழில் போய், இப்போது மோட்டார் காயில் கட்டுகிறார்.

பின்மூடியைக் கழற்றியதும் குளவிக்கூடும் எலிப்புழுக்கையும் கொட்டின. அவர் எதையும் தொடவில்லை. முதலில் ஒரு ஸ்குரூ டிரைவரில் ஒயரைச் சுற்றி, மறுமுனையை ட்யூபின் கருப்புப் பூச்சின் மேல் ஓடுகிற எர்த் கம்பியில் மாட்டினார். பிறகு ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, மறு கையால் ரப்பர் மூடிக்கு அடியில் ஸ்குரூ டிரைவரை நுழைத்தார். ஓடும்போது அந்த இடத்தில் 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். நிறுத்திய பிறகும் ட்யூப் மின்சாரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

"இத்தன வருஷம் சும்மா கெடந்ததுல ஒண்ணும் இருக்காதுதான். ஆனா கை பழகுனத விடக் கூடாது தங்கச்சி" என்றார்.

நேரடியாகக் கரண்ட் கொடுக்கவில்லை. 100 வாட் குண்டு பல்பைத் தொடரில் போட்டு, அதன் வழியாகக் கொடுத்தார். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், பெட்டி பிழைத்துக்கொள்ளும். பல்பு பளிச்சென்று எரிந்தது. உப்பிப்போன கண்டென்சர்களை ஒவ்வொன்றாக மாற்றினார். மறுபடி போட்டபோது பல்பு ஒரு தடவை பளிச்சிட்டு மங்கியது. திரையின் நடுவில் குறுக்காக ஒரே ஒரு வெள்ளைக் கோடு. எங்களுக்குப் பெரிய ஏமாற்றம். அவருக்கோ சிரிப்பு. "ட்யூப் உசுரோட இருக்கு. கோட்ட மேலயும் கீழயும் இழுத்துவிடுற வேலைதான் பாக்கி." அந்தப் பகுதியில் ஈயப் பற்றுகள் காய்ந்து விரிசல் விட்டிருந்தன. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் காலைச் சுற்றி வளையம் தெரியும். அவற்றைத் திரும்பப் பற்றவைக்க ஒரு முழுநாள் ஆனது.

படம் வந்தது. அனலாக் ஒளிபரப்பைத் தூர்தர்ஷன் நிறுத்திவிட்டதால் வானத்திலிருந்து பிடிக்க ஒன்றும் இல்லை. பெட்டியில் ஆன்டெனா வழியைத் தவிர வேறு வழியும் கிடையாது. ஆகவே செட்டாப் பாக்ஸுக்கும் டிவிக்கும் நடுவில் ஒரு மாடுலேட்டர் போட்டு, நான்காம் சேனலில் எடுத்தோம். ஆனால் திரையின் ஒரு மூலையில் பச்சைத் திட்டு. அந்தப் பக்கம் வருகிற ஆள் எல்லாம் பச்சை முகத்தோடு வந்தார்.

"ப்யூரிட்டி போயிருக்கு" என்றார் அண்ணன். நான் நிமிர்ந்து பார்த்தேன்.

அது அவர்கள் தொழில்சொல். கலர் ட்யூபுக்குள் சிவப்பு, பச்சை, நீலத்துக்கு மூன்று கதிர்கள். திரைக்குப் பின்னால் சல்லடைக் கண் போன்ற துளைகள் உள்ள மெல்லிய இரும்புத் தகடு. ஒவ்வொரு கதிரும் தன் நிறப் புள்ளியில் மட்டும் விழவேண்டும். தகட்டில் காந்தம் ஏறினால் கதிர் இடம் மாறி அடுத்த நிறத்தில் விழும். அதைத்தான் ப்யூரிட்டி போய்விட்டது என்கிறார்கள். பூமியின் காந்தமே இதற்குப் போதும். கிழக்குப் பார்த்த பெட்டியைத் தெற்குப் பார்த்துத் திருப்பினால்கூட நிறம் கெடலாம். அதனால்தான் ஒவ்வொரு முறை போடும்போதும் காந்தத்தைத் தானே கழிக்க உள்ளே ஒரு காயிலும் பாசிஸ்டர் என்ற சிறிய பொருளும் வைத்திருக்கிறார்கள். பாசிஸ்டர் செத்துவிட்டால் வெளியிலிருந்து வளையக் காயிலைத் திரை முன்னால் சுற்றிச் சுற்றிக் காட்டி, மெல்ல விலகி வந்து அணைக்க வேண்டும்.

இதையெல்லாம் விளக்கிக்கொண்டே பின்மூடியைத் திருப்பிய அண்ணன் நின்றுவிட்டார். உட்புறத்தில் பென்சிலால் '3-3-92' என்று எழுதியிருந்தது. அவர் கையெழுத்து. ஒவ்வொரு பெட்டியிலும் வேலை பார்த்த தேதியை எழுதிவைப்பது அவர் பழக்கம். கதையும் அப்போதுதான் வெளியே வந்தது.

92இல் உலகக் கோப்பை கிரிக்கெட் நடந்துகொண்டிருந்தது. மேலத்தெரு வீட்டிலிருந்து ஆள் வந்தது. போனால், டிவியை வெளித்திண்ணையில் வைத்திருந்தார்கள். மூன்று பேர் தூக்குகிற கனம் என்று சொன்னேனே, அந்தக் கனத்தை நடுக்கூடத்திலிருந்து திண்ணைக்குச் சுமந்து வந்திருந்தார்கள். காரணம் ஒன்றுதான். மெக்கானிக் நடுக்கூடத்துக்குப் போகக் கூடாது. அன்றும் இதே பச்சைத் திட்டு. திண்ணையில் வைத்துக் காயிலைக் காட்டிச் சரிசெய்தார். திண்ணையில் பெட்டி தெருவைப் பார்த்து, தெற்கு முகமாக இருந்தது. உள்ளே தூக்கிக்கொண்டுபோய்க் கிழக்கு முகமாக வைத்ததும் திட்டு திரும்ப வந்துவிட்டது. மறுபடி வெளியே, மறுபடி சரி, மறுபடி உள்ளே, மறுபடி திட்டு.

"ஏன்டா, வெளிய நல்லாத்தானடா இருந்துச்சு?" என்றாராம் பெரியவர்.

"பொட்டி எங்க இருக்கப் போவுதோ அங்க வச்சுத்தாங்க ப்யூரிட்டி பாக்கணும். தூக்குனா கெட்டுப்போயிரும்."

மூன்றாவது தடவை தூக்க ஆட்கள் தயாராக இல்லை. பெரியவர் முற்றத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கொல்லைப் பக்கமாகச் சுற்றி வரச் சொன்னார். அவர் நகர்வதற்குள் பேரப் பிள்ளை வாசலுக்கு ஓடிவந்து, "மேட்ச் ஆரம்பிச்சிரும் வாங்க" என்று கையைப் பிடித்து நிலைப்படி வழியாகவே இழுத்துக்கொண்டு போய்விட்டான். கூடத்தில் இருந்தவர்கள் வாயைத் திறக்கவில்லை. ஐந்து நிமிட வேலை. டீ வந்தது, தனி டம்ளரில். "வேல நேரத்துல டீ குடிக்கிறதில்லன்னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம் முப்பது வருஷம் எந்த வீட்டுலயும் அதத்தான் சொன்னேன்" என்றார் அண்ணன். எங்களோடு வேலை பார்த்த இரண்டு நாளும் இங்கே எத்தனை டீ குடித்தார் என்று தோழர்கள் சொல்வார்கள்.

தோழர்களே, இதை நான் ஒரு வெற்றிக் கதையாகச் சொல்லவில்லை. அடுத்த வீட்டில் மறுபடி கொல்லைப்புறம்தான். சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையே மேல் கீழாகப் பிரித்து வைப்பது என்று பாபாசாகேப் 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் விளக்கினார். டிவி மெக்கானிக் என்பது எந்தச் சாதிக்கும் குலத்தொழில் இல்லை. மனுவுக்கு பாசிஸ்டர் தெரியாது. அப்படிப்பட்ட புத்தம் புதிய தொழிலுக்கும் ஒரே வாரத்தில் ஒரு திண்ணையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். தொழில்நுட்பம் வந்தால் சாதி தானாகப் போய்விடும் என்று பேசுகிற நண்பர்கள் அந்தத் திண்ணையைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதே நேரம், அந்த நிலைப்படியை அவரைத் தாண்டவைத்தது அவர் கையில் இருந்த அறிவு. அந்த அறிவுக்கு வழிவிட்டது ஐடிஐயில் கிடைத்த ஒதுக்கீட்டு இடம். இட ஒதுக்கீட்டால் தகுதி கெடுகிறது என்கிறவர்கள் வீட்டு டிவியின் நிறத்தையும் அந்தத் தகுதிதான் திருத்தியது.

இன்னொன்றையும் பேசாமல் விட முடியாது. 2006இல் கலைஞர் அரசு இலவசக் கலர் டிவி கொடுக்கத் தொடங்கியது. 14 அங்குலப் பெட்டி. எத்தனை கேலி! சோம்பேறியாக்குகிறார்கள், வரிப்பணம் வீண் என்றெல்லாம் பேசினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், இப்படி வாக்குறுதி தருவது ஊழல் நடைமுறை ஆகாது என்று 2013 ஜூலையில் தீர்ப்பு வந்தது. அந்தத் திட்டத்தில் குறை சொல்ல இடம் உண்டு. கேபிள் யார் கையில் இருந்தது என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் கேலி செய்தவர்களில் ஒருவர்கூட ஜன்னலுக்கு வெளியே எக்கி நின்றிருக்க மாட்டார். எங்கள் தெருவுக்கு அந்தப் பெட்டி வந்த வாரம் என் அம்மா பாயை விரித்து, காலை நீட்டி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து டிவி பார்த்தார். அம்மா அப்படி உட்கார்ந்து டிவி பார்த்ததை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

மரக்கதவு டிவிக்குச் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். அரசு முத்திரை போட்ட அந்த 14 அங்குலப் பெட்டியை யாரும் சேகரிக்கவில்லை. எடைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. இந்த மேசையில் இதற்குப் பக்கத்தில் அதுவும் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. உங்கள் வீட்டுப் பரணில் ஒன்று கிடக்கும். ஓடாவிட்டாலும் கொண்டுவாருங்கள்.

அடுத்த ஞாயிறு மாலை 4 மணிக்கு மெக்கானிக் அண்ணன் இங்கே வருகிறார். பற்றவைக்கவும், தொடர் பல்பு போர்டு கட்டவும் சொல்லித் தருவார். பெண் தோழர்களும் கட்டாயம் வாருங்கள். மோதிரம், காப்பு, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட வேண்டும். செருப்பை மட்டும் கழற்ற வேண்டாம். தரையில் கால் படக் கூடாது, ரப்பர் செருப்போடுதான் உள்ளே வரவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.