கின்ஸாவுக்கு மதியம் போங்கள்

(நம் சங்கத்தின் மூத்தோர் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பிள்ளைகள் டோக்கியோவில் வேலை பார்க்கும் வீடுகள் நம் குடியிருப்பில் இப்போது நான்கு, எங்கள் வீட்டையும் சேர்த்து. அடுத்த செர்ரிப் பூ சமயத்துக்கு இரண்டு பேர் டிக்கெட் எடுத்துவிட்டதாகக் கேள்வி. அதனால் செயலாளர், "அங்கே எங்கே, என்ன சாப்பிடலாம் என்று ஒரு பத்து நிமிஷம் பேசுங்கள் சார்" என்றார். டோக்கியோ முழுவதையும் பற்றிப் பேச எனக்குத் தெரியாது. கின்ஸா என்ற ஒரு பகுதியைப் பற்றி மட்டும் பேசுகிறேன். இரண்டு தடவை மகள் வீட்டுக்குப் போனபோதும் நாங்கள் அதிகம் நடந்த இடம் அதுதான். "அப்பா, அம்மா, உங்களை ஒரு நல்ல கடைக்குக் கூட்டிப் போகிறேன்" என்று உங்கள் பிள்ளைகள் சொன்னால், அவர்கள் மனதில் இருப்பதும் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

கின் என்றால் வெள்ளி. 1612-இல் வெள்ளி நாணயம் அடிக்கும் சாலை இங்கே வந்தது. பெயர் அப்படி நிலைத்தது. பொன் நாணயத்துக்குத் தனிச் சாலை. அது இருந்த இடத்தில் இன்று ஜப்பானின் மத்திய வங்கித் தலைமையகம் நிற்கிறது. (அதன் பெயரையும் தமிழில் எழுதினால் கின்ஸா என்றுதான் வரும். நம் எழுத்தில் அந்தப் பொன்னுக்கும் வெள்ளிக்கும் வித்தியாசம் காட்ட வழியில்லை.) வங்கிக்காரன் என்பதால் இரண்டையும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஜப்பானில் நிலத்தின் விலை மிக அதிகமாக இருப்பது இந்தக் கின்ஸாவில்தான். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. தரைத்தளம் முழுக்க நகை, கைக்கடிகாரம், கைப்பை விற்கிற கடைகள். சாப்பாட்டுக் கடைகள் பாதாளத்திலும் மாடியிலும் இருக்கின்றன. ஒரு குறுகலான கட்டடம், பக்கவாட்டில் சின்னதாகப் பத்துப் பெயர்ப் பலகைகள், ஒரு லிஃப்ட். ஆறாவது மாடியில் கதவைத் திறந்தால் எட்டே நாற்காலி போட்ட உலகத்தரமான கடை. தெருவில் நடந்துகொண்டே "எது நல்லா இருக்கும்" என்று பார்த்து நுழைகிற பழக்கம் அங்கே செல்லாது. முன்பதிவு செய்துகொண்டு, எந்தத் தளம் என்று குறித்துக்கொண்டு போக வேண்டும்.

இப்போது பணக்கணக்கு. நல்ல சூஷிக் கடையில் இரவுச் சாப்பாடு ஒருவருக்கு 30,000, 40,000 யென் என்று போவது சாதாரணம். ஒரு யென்னுக்கு அறுபது பைசா என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் முப்பத்தைந்தாவது திருமண நாளுக்கு மகள் அப்படி ஓர் இரவுச் சாப்பாட்டுக்குத்தான் ஏற்பாடு செய்யப் பார்த்தாள். மூன்று பேருக்கு லட்சம் யென்னைத் தாண்டும். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. "மதியம் போகலாம்" என்றேன்.

அதே கடை, பெரும்பாலும் அதே சமையல்காரர், அதே பீங்கான். மதியம் திறக்கிற கடையாக இருந்தால் பல இடங்களில் இரவு விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு ஒரு நல்ல சாப்பாடு கிடைக்கும். நாலைந்து துண்டு குறையலாம். நம் வயசுக்கு அந்த நாலைந்து துண்டு குறைவது நல்லதுதான். இரவு எட்டரைக்கு உட்கார்ந்து பத்தரைக்கு எழுந்து ரயிலைப் பிடிக்கிற வேலையும் இல்லை. சில கடைகள் மதியமும் அதே விலை வாங்கும். அதைப் பதிவு செய்யும்போதே பார்த்துவிடலாம்.

இன்னொன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பிள்ளை ஆசையாகக் கூட்டிப் போய் உட்கார வைத்திருக்கும்போது, ஒவ்வொரு வாய்க்கும் யென்னை ரூபாயாக்கி "இந்த ஒரு துண்டு எழுநூறு ரூபாயா!" என்று சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். கணக்கெல்லாம் வீட்டில், கிளம்புவதற்கு முன்னால். கடைக்குள் போன பிறகு சாப்பாடு மட்டும்.

சூஷி பற்றி நம் ஊரில் "பச்சை மீன்" என்ற ஒரு வார்த்தையோடு பேச்சை முடித்துவிடுகிறோம். பாதி வேலை சோற்றில் இருக்கிறது. காடி சேர்த்த சோறு, உடம்புச் சூட்டுக்கு ஆறியிருக்க வேண்டும். கையில் உதிரக்கூடாது, வாயில் உதிர வேண்டும். மீனிலும் எல்லாம் அப்படியே பச்சையாக வருவதில்லை. உப்பில் வைத்தது, காடியில் ஊறியது, சோயாவில் ஊறியது, வேகவைத்தது என்று பல வகை. ஐஸ் இல்லாத காலத்தில் டோக்கியோ விரிகுடா மீனைக் கெடாமல் வைக்கக் கண்ட வழிகள் அவை. நம் கடற்கரை ஊர்களில் உப்புக்கண்டம் போடுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

கின்ஸாவில் பெயர் பெற்றது சுகியாபாஷி ஜிரோ. சுரங்க ரயில் நிலையத்தை ஒட்டிய ஒரு கட்டடத்தின் பாதாளத்தில் பத்து இருக்கை. 1925-இல் பிறந்த ஜிரோ ஓனோ நடத்திப் பெயர் வாங்கிய கடை. 2011-இல் அவரைப் பற்றி ஒரு படமே வந்தது. 2014-இல் ஒபாமாவைப் பிரதமர் அபே அங்கேதான் அழைத்துப் போனார். ஆனால் நமக்கு அங்கே இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. பொதுமக்களிடம் நேரடியாகப் பதிவு வாங்குவதில்லை என்பதால்தான் 2019-இல் மிஷெலின் கையேடு அதைப் பட்டியலிலிருந்தே எடுத்தது. அதற்கு முயன்று நாளை வீணாக்காமல் எட்டாவது வட்டாரத்தில் இருக்கும் க்யூபேயைப் பாருங்கள். கடற்பாசித் தாளைச் சுற்றி மதில் மாதிரி எழுப்பி, உள்ளே மீன் முட்டையை நிரப்புகிற 'போர்க்கப்பல்' சூஷி, 1941-இல் அங்கே பிறந்தது என்பார்கள். பெரிய கடை, வெளிநாட்டுக்காரர்களுக்குப் பழகிய கடை, மதியச் சாப்பாடும் உண்டு.

கவுண்டரில் உட்காரக் கிடைத்தால் மேசை கேட்காதீர்கள். முப்பத்துமூன்று வருஷம் வங்கிக் கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்தவன் சொல்கிறேன்: கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் நம் முகத்தைப் பார்த்து வேலை செய்தால் அதன் ருசியே தனி. நான் இடது கையால் எடுப்பதைப் பார்த்துவிட்டு, மூன்றாவது துண்டிலிருந்து அந்தச் சமையல்காரர் எனக்கு மட்டும் திசை மாற்றி வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. வைத்தவுடன் ஒரே வாயில் சாப்பிட வேண்டும். படம் எடுத்து வாட்ஸப்பில் போட்டுவிட்டு வந்தால் சோறு ஆறிவிடும். கையால் சாப்பிடலாம், அதில் நமக்குப் பயிற்சி தேவையில்லை. சோயாவை மீன் பக்கம் தொடுங்கள், சோற்றை முக்காதீர்கள். சென்ட் பூசிக்கொண்டு போகக்கூடாது; எட்டு பேர் உட்கார்கிற அறையில் அது எல்லோருடைய சாப்பாட்டையும் கெடுக்கும். தலை நிறைய மல்லிகைப்பூவும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

இனி சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு. இங்கே பாதிப் பேர் அதற்காகத்தான் காத்திருக்கிறீர்கள். என் மனைவி பதினெட்டு வருஷமாகச் சைவம். நான் மீன் சாப்பிடுவேன். எனவே எங்கள் வீட்டுக்கு இது ருசி சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை.

ஜப்பானியச் சமையலுக்கு அடிப்படை டாஷி என்ற சாறு. கொம்பு என்ற கடற்பாசி, காய்ந்த மீன் சீவல், இரண்டையும் சேர்த்து எடுப்பது வழக்கம். அந்த மீன் நம் சூரை வகை. வேகவைத்து, புகை காட்டி, மரக்கட்டை மாதிரி காயவைத்துச் சீவுகிறார்கள். தூத்துக்குடிப் பக்கமும் இலங்கையிலும் மாசி என்கிறோமே, அதன் நெருங்கிய சொந்தம். காய்கறிக் கூட்டிலும், மிசோ சூப்பிலும், சோபா நூடுல்ஸின் குழம்பிலும், டெம்புரா தொட்டுக்கொள்ளும் சாற்றிலும் இது இருக்கும். "மீன் உண்டா" என்று கேட்டால் "இல்லை" என்று மனதறிந்து நல்லபடியாகத்தான் சொல்வார்கள். சாற்றை அவர்கள் மீன் கணக்கில் சேர்ப்பதில்லை, அவ்வளவுதான். ஆகவே "சைவம்" என்று சொல்லி நிறுத்தாதீர்கள். நிகு, ஸகானா, கட்சுவோ டாஷி, அதாவது இறைச்சி, மீன், மீன் சாறு மூன்றும் கூடாது என்று, முன்பதிவு செய்யும்போதே பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். கடையில் உட்கார்ந்த பிறகு சொன்னால் அவர்கள் தவித்துப் போவார்கள். காலையிலேயே சாறு எடுத்து வைத்தாகிவிட்டது.

திருமண நாளுக்கு நாங்கள் போனது ஒரு சின்ன டெம்புராக் கடை. மகள் பத்து நாள் முன்பே எழுதிவிட்டாள். நாங்கள் உட்கார்ந்ததும் சமையல்காரர் ஏதோ சொன்னார்; மகள் மொழிபெயர்த்தாள். "எண்ணெய் புதுசு. இன்னும் இறால் விழவில்லை. அம்மாவுக்கு எல்லாம் முடித்த பிறகுதான் உங்களுக்கு." என் மனைவி முன்னால் சாற்றுக் கிண்ணம் வைக்கவில்லை, உப்பும் எலுமிச்சையும் வைத்தார். மாவில் முட்டை விட்டுவிட்டு, குளிர்ந்த தண்ணீரும் மைதாவும் மட்டும். எண்ணெய், டோக்கியோ வழக்கப்படி எள் எண்ணெய்; வாசனை வந்ததும் இவள் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். தாமரைக் கிழங்கு, பூசணி, கத்தரிக்காய், ஒரு காளான், ஒரு இலை. ஒவ்வொன்றாக, தாளின் மேல், எண்ணெய்க் கறை தெரியாமல் வந்தது. நானும் மகளும் இருபது நிமிஷம் வேடிக்கை பார்த்தோம். "பஜ்ஜிக்கு இவ்வளவு மரியாதையா" என்றாள் மனைவி. முப்பத்தைந்து வருஷத்தில் ஹோட்டலில் எனக்கு முன்னால் அவளுக்குச் சாப்பாடு வந்தது அன்றைக்குத்தான்.

எல்லாக் கடையும் இப்படிச் செய்யும் என்று எதிர்பார்க்காதீர்கள். முடியாது என்று மரியாதையாக எழுதிவிடுகிற கடைகளும் உண்டு. அதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். டெம்புராவுக்கு டென்இச்சி 1930-லிருந்து கின்ஸாவில் இருக்கும் கடை. அங்கும் கேட்டுத்தான் போக வேண்டும். முழுச் சைவமாக, உயர்தரமாக வேண்டும் என்றால் புத்த மடங்களின் சமையலான ஷோஜின் சாப்பாடு. வெங்காயம் பூண்டுகூடச் சேர்க்காத மரபு அது. கின்ஸாவிலிருந்து டாக்சியில் கொஞ்ச தூரத்தில் அத்தாகோ என்ற இடத்தில் டைகோ என்ற கடை அதற்குப் பேர்போனது. அங்கேயும் மீன் சாறு கூடாது என்பதை முன்பே எழுதிவிடுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள், எங்கே பதிவு செய்தாலும், தரையில் பாய் விரித்த அறையா, நாற்காலியா என்று கேட்டுக்கொள்வது நல்லது. தரைக்குக் கீழே கால் தொங்கப்போடப் பள்ளம் வைத்த அறைகளும் உண்டு.

டிப்ஸ் கிடையாது, வைத்தால் ஓடி வந்து திருப்பிக் கொடுப்பார்கள். ஆனால் பெரிய கடைகளில் சேவைக் கட்டணம் பில்லிலேயே சேரும், அதோடு 10 சதவீத வரி. கடைசி நேரத்தில் ரத்து செய்தால் முழுப் பணமும் போகலாம். ஞாயிற்றுக்கிழமை மீன் சந்தை விடுமுறை என்பதால் பல சூஷிக் கடைகள் மூடியிருக்கும். அன்று மதியம் பெரிய சாலையில் வண்டிகளை நிறுத்திவிட்டு நடப்பதற்கு விடுவார்கள், நாற்காலியும் குடையும் போட்டு. நடக்கத்தான் அந்த நாள். சோற்றில் குச்சிகளைச் செங்குத்தாகக் குத்தி வைக்காதீர்கள், குச்சியிலிருந்து குச்சிக்கு எதையும் மாற்றாதீர்கள். இரண்டும் அவர்களுக்கு சாவுக்காரியம்.

கடைக்குள் உட்கார விருப்பமில்லாத நாளும் வரும். நான்காவது வட்டாரத்தில் மணிக்கூண்டுக் கட்டடத்துக்குப் பக்கத்தில் கிமுராயா ரொட்டிக் கடை. 1874-இல் சிவப்புப் பயறு பூரணம் வைத்த பன்னை உண்டாக்கியவர்கள். மறு வருஷம் அது பேரரசர் மெய்ஜிக்குப் போயிற்று. நாம் ஆப்பத்துக்குக் கள் விட்ட மாதிரி, அரிசி மது தயாரிக்கும் நொதியில் மாவைப் புளிக்க வைக்கிறார்கள். முட்டை சேர்க்காதவர்கள் கேட்டு வாங்குங்கள். கபுகி நாடக அரங்கின் அருகில் 1949-இல் தொடங்கிய நாயர் உணவகம் இருக்கிறது. சுதந்திரப் போராட்டத்துக்காக ஜப்பானிலிருந்து உழைத்த திருவனந்தபுரத்துக்காரர் ஏ. எம். நாயர் ஆரம்பித்தது. ஜப்பானியச் சாப்பாடு இல்லைதான். பத்தாவது நாள் நாக்கு கேட்கும்போது நினைவு வரும்.

எனக்குப் பிடித்தது மிட்சுகோஷி கடையின் பாதாளம். இரண்டு தளம் முழுக்கச் சாப்பாடு, பெட்டி பெட்டியாக. மூடுவதற்கு முன் விலை குறைத்துச் சீட்டு ஒட்டுவார்கள். எடுத்துப் போனால் வரியும் 8 சதவீதம்தான். தெருவில் நடந்துகொண்டே சாப்பிடும் வழக்கம் அங்கே இல்லை. லிஃப்டில் ஒன்பதாவது மாடிக்குப் போனால் திறந்த வெளி, உட்கார இடம் இருக்கிறது, யாரும் காசு கேட்க மாட்டார்கள்.