எது முன், எது பின்?



எபிரேய மொழி பேசும் இருவர் சந்தித்தால் ‘ஷாலோம்’ என்பர். அரபு பேசும் இருவர் சந்தித்தால் ‘சலாம்’ என்பர். இரு சொற்களுக்கும் வேர் ஒன்றே. குறைவின்றி முழுமையாக இருத்தல் என்பது அவ்வேரின் பொருள். ஆக, ஒரு சிறு நிலத்துக்காக நூறாண்டாகப் பொருதிவரும் இரண்டு மக்களும் நாள்தோறும் அமைதியைச் சொல்லியே முகமன் கூறுகின்றனர்.

பாதுகாப்பைக் குறிக்கும் சொற்கள் இன்னும் வியப்புக்குரியவை. எபிரேயத்தில் அது ‘பிட்டாஹோன்’. இன்றைய இஸ்ரேலில் படை, உளவு, எல்லைக்காவல் அனைத்தையும் அடக்கிய ஆட்சிச்சொல் அது. பழைய சமய நூல்களிலோ இறைவன்மேல் வைக்கும் உறுதியான நம்பிக்கை என்பதே அதன் பொருள். அரபியில் பாதுகாப்பு ‘அம்ன்’ எனப்படும். தமிழ் முஸ்லிம்கள் நாளும் வழங்கும் ஈமான், அமானிதம் என்னும் சொற்கள் அதே வேரில் கிளைத்தவை. முன்னது இறைநம்பிக்கை, பின்னது ஒருவரை நம்பி ஒப்படைத்த பொருள். சொல்லாராய்ச்சி நாடுகளின் வழக்கைத் தீர்த்துவிடாது. எனினும், காவல் என்பது நம்பிக்கையின் பக்கத்தில் பிறந்த சொல் என்பதை இரு மொழிகளும் மறக்கவில்லை. பேசுவோர்தாம் மறக்க நேர்ந்தது.

அங்கே நடக்கும் வழக்கு, மேலோட்டமாகப் பார்ப்போர்க்கு, அமைதி வேண்டும் என்போர்க்கும் வேண்டா என்போர்க்கும் இடைப்பட்டதாகத் தோன்றும். உண்மையில் அது பெரும்பாலும் வரிசை பற்றிய வழக்கு. முதலில் பாதுகாப்பு, பிறகு அமைதி என்பது இஸ்ரேலியர் பலரின் கூற்று. முதலில் ஆக்கிரமிப்பு நீங்கி அமைதி பிறக்கட்டும், பாதுகாப்பு இருவர்க்கும் தானே வரும் என்பது பாலஸ்தீனர் பலரின் கூற்று.

இரண்டுக்கும் காரணம் உண்டு. ஐரோப்பாவில் 60 லட்சம் யூதர் கொல்லப்பட்ட நினைவு ஆறுமுன்னே, 1948 மே 14ஆம் நாள் இஸ்ரேல் அறிவிக்கப்பட்டது. மறுநாளே அண்டை நாட்டுப் படைகள் புகுந்தன. 1967க்கு முந்தைய எல்லைப்படி, நெத்தன்யா நகரத்தருகே அந்நாட்டின் அகலம் ஏறத்தாழ 15 கிலோமீட்டர். மிதிவண்டியில் ஒரு மணி நேரத்தில் கடந்துவிடலாம். அப்படிப்பட்ட இடத்தில் பிள்ளை வளர்க்கும் தாய் காவலை முதலில் கேட்பது பேதைமையன்று.

பாலஸ்தீனரின் நினைவோ வேறு. அதே 1948இல் அவர்களுள் 7 லட்சத்துக்கு மேற்பட்டோர் ஊரை இழந்தனர், திரும்பிவர விடப்படவில்லை. 1967 முதல் மேற்குக் கரையில் படையாட்சி. ஒரு குன்றில் இருக்கும் பாலஸ்தீன இளைஞன் குற்றம் சாட்டப்பட்டால் படை நீதிமன்றத்தில் நிற்கிறான்; அடுத்த குன்றின் குடியேற்றத்தில் இருக்கும் இஸ்ரேலியன் அதே குற்றத்துக்குக் குடிமை நீதிமன்றத்தில் நிற்கிறான். சோதனைச் சாவடியில் துப்பாக்கியோடு நிற்கும் ஒரே வீரன் ஒருவர்க்குக் காவல், மற்றவர்க்கு அச்சம். ‘பாதுகாப்பு முதலில்’ என்னும்போது, ‘யாருடைய பாதுகாப்பு?’ என்று அவர்கள் கேட்பதும் பேதைமையன்று.

1967 நவம்பரில் ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு அவை நிறைவேற்றிய 242ஆம் தீர்மானம் இரண்டையும் ஒரே தாளில் வைத்தது: கைப்பற்றிய பகுதிகளிலிருந்து படை விலகல், எல்லா நாடுகளும் பாதுகாப்பான, ஏற்கப்பட்ட எல்லைகளுக்குள் அமைதியாக வாழும் உரிமை. அதன் ஆங்கில வடிவில் ‘பகுதிகள்’ என்னும் சொல்லுக்கு முன் சுட்டுச்சொல் இல்லை; பிரெஞ்சு வடிவில் உண்டு. எனவே எல்லாப் பகுதிகளுமா, சில பகுதிகளா என்று அறிஞர்கள் அரை நூற்றாண்டுக்கு மேலாக வாதிட்டு வருகின்றனர். அத்தகைய சுட்டுச்சொல்லே தமிழில் இல்லை. தமிழில் எழுதியிருந்தாலும் வழக்கு வேறொரு வேற்றுமை உருபைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கும்.

அத்தீர்மானம் ஓரிடத்தில் உயிர்பெற்றது. அது சினாய் பாலைநிலம். 1948 முதல் 1973 வரை 25 ஆண்டுகளில் எகிப்தும் இஸ்ரேலும் நான்கு பெரும் போர்களில் மோதின. சினாயின் தென்முனையில் உள்ள ஷர்ம் எல் ஷேக் இன்றி அமைதி பெறுவதைவிட, அமைதியின்றி ஷர்ம் எல் ஷேக்கை வைத்திருப்பதே மேல் என்று 1973 போருக்கு முன் கூறியவர் இஸ்ரேலின் பாதுகாப்பு அமைச்சர் மோஷே தயான். மண்ணே காவல் என்னும் கொள்கையை இதனினும் சுருக்கமாகச் சொல்ல இயலாது. அந்த மண் கையில் இருந்தபோதுதான் 1973 அக்டோபர் 6ஆம் நாள் எகிப்தியப் படை சூயஸ் கால்வாயைக் கடந்தது.

அதே தயான் 1978இல் அயலுறவு அமைச்சராகக் கேம்ப் டேவிட் பேச்சில் அமர்ந்து, சினாயைத் திருப்பித்தரும் ஏற்பாட்டுக்குத் துணைநின்றார். 1979 மார்ச் 26இல் சாதாத்தும் பெகினும் கையொப்பமிட்டனர். 1982 ஏப்ரலில், யமித் என்னும் குடியேற்ற நகரிலிருந்து தம் குடிமக்களையே இஸ்ரேலியப் படை வலிந்து வெளியேற்றியது. சினாய் ஏறத்தாழ முழுவதும் எகிப்துக்குத் திரும்பியது. இங்கே கருதத்தக்கது உடன்படிக்கையின் இணைப்பு. சினாயை மூன்று மண்டலங்களாகப் பகுத்து, எதில் எவ்வளவு எகிப்தியப் படை இருக்கலாம் என்று அது வரையறுத்தது. நான்காம் மண்டலம் ஒன்றும் உண்டு. அது எல்லைக்கு அப்பால், இஸ்ரேலிய மண்ணில் அமைந்த ஒரு குறுகிய பட்டை. அங்கே இஸ்ரேலும் தன் படையைக் குறைத்துக்கொள்ள ஒப்பியது. அளவில் சிறிது; ஆனால் கட்டுப்பாடு இருபாலும் எழுதப்பட்டது. சாதாத் 1981இல் கொல்லப்பட்டார். கெய்ரோவில் ஆட்சிகள் மாறின, கவிழ்ந்தன. உறவில் குளிர் நீங்கவில்லை. ஆயினும் அவ்விரு நாடுகளும் அதன்பின் போரிடவில்லை. அங்கே பாதுகாப்பு முன்னதும் அன்று, அமைதி பின்னதும் அன்று. இரண்டும் ஒரே நாளில், ஒரே மையால் எழுதப்பட்டன.

பாலஸ்தீனரோடு செய்த ஓஸ்லோ உடன்பாடு வேறு வகை. 1993 செப்டம்பர் 9 என்று நாளிட்டு யாசர் அராபத்தும் இட்சாக் ராபினும் மாற்றிக்கொண்ட கடிதங்களிலேயே வேறுபாடு தெரிகிறது. இஸ்ரேல் அமைதியோடும் பாதுகாப்போடும் நிலவும் உரிமையை அராபத்தின் கடிதம் ஏற்றது. ராபினின் கடிதம் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தை அம்மக்களின் பேராளராக ஏற்றது. அவர்களுக்கு நாடு உண்டு என்றோ, பாதுகாப்பு உண்டு என்றோ அதில் சொல் இல்லை. எருசலேம், அகதிகள், எல்லை, குடியேற்றங்கள் ஆகிய கடினமானவை அனைத்தும் இறுதிக்குத் தள்ளப்பட்டன. பாலஸ்தீனக் காவற்படை அமைத்தல், வன்முறை தடுத்தல் ஆகியவை தொடக்கத்தில் வைக்கப்பட்டன. படிப்படியாக நம்பிக்கை வளரும், இறுதிக் கேள்விகள் அப்போது எளிதாகும் என்பது கணக்கு.

கணக்கு தவறியது. இடைக்காலம் என்பது அமைதியை விரும்பாதவர்க்கு வாய்த்த காலமாயிற்று. 1994 பிப்ரவரியில் எப்ரோன் மசூதியில் தொழுதுகொண்டிருந்த 29 பேரை ஒரு யூதத் தீவிரவாதி சுட்டுக்கொன்றான். ஏப்ரலில் ஆஃபூலாவில் ஹமாஸின் குண்டு வெடித்தது. 1995 நவம்பர் 4ஆம் நாள், டெல் அவீவில் அமைதிப் பேரணி முடிந்து இறங்கிய ராபினைக் கொன்றவனும் யூதனே. 1996இன் தொடக்கத்தில் பேருந்துகளில் அடுத்தடுத்துக் குண்டுகள் வெடித்தன. மே மாதத் தேர்தலில் ஷிமோன் பெரஸ் சிறு வேறுபாட்டில் தோற்றார். மறுபுறம், மேற்குக் கரைக் குடியேற்றங்களில் 1993இல் ஏறத்தாழ 1,10,000 பேர் இருந்தனர். 2000இல் ஏறத்தாழ 1,90,000 பேர். இன்று அவர்கள் 5 லட்சத்தைக் கடந்துவிட்டனர். பேச்சு நடக்கும்போதே பேசப்படும் பொருள் சுருங்கிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு குண்டும் இஸ்ரேலியரிடம் ‘இவர்கள் அமைதிக்கு உரியரல்லர்’ என்றது. குன்றின்மேல் எழுந்த ஒவ்வொரு வீடும் பாலஸ்தீனரிடம் ‘இவர்கள் போகமாட்டார்கள்’ என்றது.

இந்த வரலாற்றில் நின்று பார்க்கத்தக்க இரண்டு நாள்கள் உண்டு: 2002 மார்ச் 27, 28. முதல் நாள் பெய்ரூட்டில் அரபு நாடுகளின் மாநாடு கூடியது. 1967 எல்லைக்கு இஸ்ரேல் திரும்பி, பாலஸ்தீன நாடு அமைந்து, அகதிகளுக்கு நேர்மையான தீர்வு கிட்டினால், அரபு நாடுகள் அனைத்தும் இஸ்ரேலோடு இயல்பான உறவு கொள்ளும் என்னும் சவூதி அரேபியாவின் முன்மொழிவு அங்கே வந்தது. சூழ்ந்த நாடுகள் ஏற்கமாட்டா என்பதே இஸ்ரேலின் முதல் அச்சம். அந்த அச்சத்துக்கான விடை மேசைமேல் வைக்கப்பட்டது. அன்று மாலை யூதர்க்குப் பாஸ்கா விருந்து. நெத்தன்யாவில் ஒரு விடுதியில் விருந்துக்கு அமர்ந்திருந்தோர் நடுவே ஹமாஸ் அனுப்பியவன் தன்னைத்தானே வெடிக்கச் செய்தான். 30 பேர் இறந்தனர். மறுநாள் மாநாடு முன்மொழிவை ஏற்றது. அதற்கு மறுநாள் இஸ்ரேலியப் படைகள் மேற்குக் கரை நகரங்களுக்குள் புகுந்தன. பெய்ரூட்டின் தீர்மானத்தைப் படிக்க யாருக்கும் பொழுதில்லை. அந்த ஆண்டிலேயே தடுப்புச் சுவரும் எழத் தொடங்கியது.

சுவர் பயனற்றது என்று கூறுவது நேர்மையாகாது. அது எழுந்த ஆண்டுகளில் தற்கொலைத் தாக்குதல்கள் மிகக் குறைந்தன. வேறு காரணங்களும் இருந்தன என்பர், ஆயினும் இஸ்ரேலியர் அதைச் சுவரின் பயன் என்றே அறிவர். ஆனால் திட்டமிட்ட வழித்தடத்தில் பெரும்பகுதி 1967 எல்லைமேல் அன்றி மேற்குக் கரைக்குள் சென்றது. பல ஊர்களில் உழவன் ஒருபுறம், அவன் ஒலிவத் தோப்பு மறுபுறம். 2004 ஜூன் மாதம் இஸ்ரேலின் உச்ச நீதிமன்றமே, பாதுகாப்புக்கும் ஊரார்க்கு நேரும் துன்பத்துக்கும் இடையே அளவு பொருந்தவில்லை என்று பெய்த் சூரிக் வழக்கில் வழித்தடத்தின் ஒரு பகுதியை மாற்றச் சொன்னது. அடுத்த மாதம் அனைத்துலக நீதிமன்றம், பாலஸ்தீனப் பகுதிக்குள் கட்டப்பட்ட சுவர் சட்டத்துக்கு மாறானது என்று கருத்துரைத்தது. தன் எல்லைமேல் கட்டியிருந்தால் அது வேலி; பிறன் நிலத்தில் கட்டியதால் அது வழக்கு.

2007க்குப் பின் பாலஸ்தீன ஆட்சிமன்றம் இஸ்ரேல் கேட்டதையே செய்து பார்த்தது. அமெரிக்கத் தளபதி கீத் டேட்டனின் மேற்பார்வையில் ஜோர்டானில் பயிற்சி பெற்ற பாலஸ்தீனக் காவலர்கள் மேற்குக் கரையில் ஆயுதக் குழுக்களை ஒடுக்கினர். நகரங்கள் அடங்கின. அந்த அடக்கத்தின் பயனாக எல்லையும் வரவில்லை, நாடும் வரவில்லை. அக்காவலன் இஸ்ரேலியனைத் தாக்கச் செல்பவனைப் பிடிக்கலாம். தன் ஊர் ஒலிவ மரத்தை வெட்டும் குடியேறியைப் பிடிக்க உடன்பாடு அவனுக்கு உரிமை தரவில்லை. தன் ஊரைக் காக்க முடியாத காவலனை ஊரார் எவ்வளவு காலம் மதிப்பர்? குண்டில்லாத நாள்களில் அமைதிக்கு அவசரமில்லை என்றும், குண்டு வெடித்த நாள்களில் அமைதிக்கு இடமில்லை என்றும் ஆகிவிட்டால், அதற்கு நாள் ஏது?

காசாவில் இது முற்றிய வடிவம் கொண்டது. 2005இல் இஸ்ரேல் அங்கிருந்த குடியேற்றங்களை அகற்றி விலகியது; உடன்பாடு எதுவுமின்றித் தனித்தே விலகியது. 2007இல் ஹமாஸ் ஆட்சியைக் கைப்பற்றியது. முற்றுகையும் ஏவுகணையும் மாறிமாறி வந்தன. ஏறத்தாழ 65 கிலோமீட்டர் நீளத்துக்கு, நிலத்தடியிலும் உணர்கருவிகள் பதித்த வேலியை 2021 டிசம்பரில் இஸ்ரேல் கட்டி முடித்தது. 2023 அக்டோபர் 7 காலையில் அது சில மணி நேரத்தில் உடைந்தது. ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்டனர். 251 பேர் பிணைக்கைதிகளாகக் கொண்டுசெல்லப்பட்டனர். அதற்கு மூன்று நாள் முன்புதான், ‘அமைதிக்காகப் போராடும் பெண்கள்’ என்னும் இஸ்ரேலிய இயக்கமும் பாலஸ்தீனப் பெண்கள் இயக்கம் ஒன்றும் எருசலேமிலும் சாக்கடற்கரையிலும் ஒன்றுகூடி, தலைவர்கள் பேச்சுக்குத் திரும்பவேண்டும் என்று கேட்டன. அவ்வியக்கத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவரான விவியன் சில்வர், காசாவின் நோயாளிகளை இஸ்ரேலிய மருத்துவமனைகளுக்குத் தம் வண்டியில் அழைத்துச்சென்றவர். 7ஆம் நாள் பேயேரி ஊரில் தம் வீட்டில் கொல்லப்பட்டார், வயது 74. தொடர்ந்த போரில் காசாவில் இறந்தோர் தொகை 2025 ஜூலையில் 60,000ஐக் கடந்தது என அங்குள்ள நலத்துறை அறிவித்தது. அவர்களுள் பல்லாயிரவர் குழந்தைகள்.

இவ்வளவுக்குப் பின்னும், மறுவரிசை கேட்போர் கனவு காண்போர் மட்டுமல்லர். இஸ்ரேலின் உள்நாட்டு உளவுத்துறையாகிய ஷின் பெத்தின் முன்னாள் தலைவர்கள் அறுவர் 2012இல் வெளிவந்த ஓர் ஆவணப்படத்தில் தோன்றி, படைவலியால் வெல்லும் சண்டைகள் அமைதியைத் தரவில்லை என்று தம் பணிக்காலத்தையே சான்று காட்டினர். அவர்களுள் ஒருவரான அமி அயலோன், 2002இல் அல் குத்ஸ் பல்கலைக்கழகத் தலைவர் சாரி நுசைபாவுடன் ஒரே பக்க அளவில் ஒரு கோட்பாட்டுத் தாள் எழுதினார். 1967 எல்லை, அதில் சிறு மாற்றங்கள்; எருசலேம் இருவர்க்கும் தலைநகர்; அகதிகள் பாலஸ்தீன நாட்டுக்கே திரும்புதல்; பாலஸ்தீனம் படையற்ற நாடாதல், அதன் பாதுகாப்புக்கு உலக நாடுகள் பொறுப்பேற்றல். ஒவ்வொரு வரியும் ஒருவர்க்கு வலிக்கும். ஆனால் பாலஸ்தீனரின் பாதுகாப்பும் ஒரு வரியாக அதில் இருந்தது. இரு மக்களுள்ளும் லட்சத்துக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். ஆட்சியாளர் எவரும் கையொப்பமிடவில்லை.

2025 அக்டோபரில் போர்நிறுத்தம் வந்தது. உயிரோடிருந்த பிணைக்கைதிகள் இருபதின்மரும் வீடு திரும்பினர்; பாலஸ்தீனச் சிறையாளர் பலர் விடுவிக்கப்பட்டனர். உடனே பழைய கேள்வியும் திரும்பியது: ஹமாஸ் ஆயுதத்தைக் கீழே வைப்பது முதலிலா, இஸ்ரேலியப் படை விலகுவது முதலிலா? விடை வரும்வரை நிற்கவேண்டிய இடத்தைக் காட்ட, காசாவின் குறுக்கே மஞ்சள் வண்ணம் பூசிய கற்காரைக் கட்டைகளை நட்டனர். அக்கோட்டுக்குக் கிழக்கே, காசாவின் பாதிக்கு மேற்பட்ட நிலத்தில் படை நின்றது. தம் வீட்டு மனை அப்பால் இருக்க, குடும்பங்கள் இப்பால் கூடாரங்களில் மழையை எதிர்நோக்கின. வேலிக்கு மறுபுறம் இஸ்ரேலின் எல்லையூர்களில், எரிந்த வீடுகளுக்குத் திரும்புவதா வேண்டாமா என்று குடும்பங்கள் எண்ணிக்கொண்டிருந்தன.