ஊர் கூடி இழுத்த ரயில்
(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

ஒவ்வோர் ஆண்டும் இந்த மேடையிலே ஒழுக்கத்தைப் பற்றியோ தமிழின் பெருமையைப் பற்றியோ யாராவது பேசுவது வழக்கம். நான் இன்றைக்கு ஒரு கணினி விளையாட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "என்ன வாத்தியாரே, விளையாடாதேன்னு சொல்ல வேண்டியவரே இப்படிப் பேசலாமா?" என்று முன்வரிசையில் ஓர் ஐயா இப்போதே புருவத்தை உயர்த்துகிறார். அவர் கோபம் நியாயமானது. அப்பாவின் கைப்பேசிக்கு ரீலோட் போட்ட பணம் ஒரே இரவில் ஏதோ ஒரு விளையாட்டிலே கரைந்து போன கதை நம் லயத்திலேயே நடந்திருக்கிறது. நான் சொல்ல வந்தது அந்த ரகம் அல்ல. இதிலே காசு கேட்பதில்லை. விளம்பரம் குறுக்கே வருவதில்லை. ஏன் அப்படி என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த கிறிஸ் சாயர் என்பவர் 'டிரான்ஸ்போர்ட் டைகூன்' என்ற விளையாட்டை எழுதினார். 1994-இல் மைக்ரோபுரோஸ் நிறுவனம் அதை வெளியிட்டது. மறு ஆண்டே 'டிரான்ஸ்போர்ட் டைகூன் டீலக்ஸ்' என்ற பெரிய பதிப்பு வந்தது. சுடுவதும் வெட்டுவதும் இதிலே கிடையாது. உங்களிடம் ஒரு சிறு போக்குவரத்து நிறுவனம் இருக்கும்; கையிலே இருப்பதெல்லாம் கடன் வாங்கிய பணம். அதை வைத்துத் தண்டவாளம் போட வேண்டும், பேருந்து, லாரி, கப்பல், விமானம் வாங்க வேண்டும், சரக்கை ஏற்றி இறக்க வேண்டும், வட்டியும் கட்ட வேண்டும்.

அந்த விளையாட்டிலே வெப்ப நாட்டு நிலப்பரப்பு ஒன்று உண்டு. அதைத் தேர்ந்தெடுத்தால் திரையிலே என்ன வரும் தெரியுமா? ரப்பர் தோட்டம்! தோட்டத்து ரப்பரைத் தொழிற்சாலைக்குக் கொண்டு சேர்த்தால் அங்கே பொருள் உற்பத்தியாகும். அந்தப் பொருளை நகரத்துக்குக் கொண்டு போனால் மறுபடியும் வருமானம். கூலி எப்படிக் கணக்காகிறது என்றால், எவ்வளவு சரக்கு, எவ்வளவு தூரம், எத்தனை நாளில் போய்ச் சேர்ந்தது என்ற மூன்றையும் பார்த்து. நிலக்கரி தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும். பயணிகள் பொறுக்க மாட்டார்கள். ரப்பரும் அதிகம் பொறுக்காது. விடியற்காலையிலே மரம் சீவிய பாட்டிமார்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். லாரி வர நேரமானால் வாளியிலே பால் கட்டி தட்டிப் போகும் என்பதை அவர்களுக்குக் கணினி சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் செம்பனைக்கு நடுவிலே பிறந்த இந்தப் பிள்ளைகளுக்கு அது புதுச் செய்தி.

இன்னொன்றும் கவனியுங்கள். ஒரு நிலையத்திலே சரக்கை நீண்ட நாள் எடுக்காமல் விட்டால், அந்த நிலையத்தின் மதிப்பீடு இறங்கிவிடும். இறங்கினால் அடுத்த மாதம் நமக்குக் கிடைக்கும் சரக்கும் குறையும். நான் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு விழுக்காடு கற்பிக்கக் கரும்பலகையிலே படாத பாடு பட்டேன். நாற்பது விழுக்காடு என்பது எழுபதாக ஏறினால் ரயிலுக்கு இன்னும் எத்தனை பெட்டி வேண்டும் என்று கேட்டபோது, பின்வரிசைப் பையன் முதலிலே கை தூக்கினான்.

நிற்க. இந்த விளையாட்டின் பிற்காலக் கதைதான் முக்கியம்.

சாயர் இதை அசெம்பிளி மொழியிலே எழுதினார். 'இந்த எண்ணை எடு, அதோடு கூட்டு, அங்கே வை' என்று இயந்திரத்துக்கு ஒவ்வோர் அடியாகச் சொல்லும் மொழி அது. வேகமாக ஓடும், ஆனால் ஒரு ரகக் கணினிக்கு எழுதியது இன்னொரு ரகத்துக்கு உதவாது. ஆண்டுகள் ஓடின. புதிய கணினிகள் வந்தன. பழைய விளையாட்டு அவற்றிலே சரியாக ஓட மறுத்தது. நமக்கு விற்றதெல்லாம் சமைத்த சாப்பாடுதான். செய்முறை எழுதிய தாள் நம் கையில் இல்லை. சாப்பாடு கெட்டுப்போனால் அவ்வளவுதான்.

சுவீடன் நாட்டு இளைஞர் லுத்விக் ஸ்திரிகேயஸ் என்ன செய்தார்? அந்தப் பழைய விளையாட்டின் இயந்திரக் கட்டளைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்து, அது என்ன செய்கிறது என்று கண்டுபிடித்து, மனிதர் படிக்கக்கூடிய சி மொழியிலே திரும்ப எழுதினார். வாயிலே போட்ட குழம்பை ருசித்தே என்னென்ன சாமான், எவ்வளவு என்று எழுதி வைப்பது போன்ற வேலை. 2004-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 'ஓப்பன் டிடிடி' என்ற பெயரில் அதை வெளியிட்டார். செய்முறைத் தாளையும் சேர்த்தே வெளியிட்டார். அதைத்தான் திறமூலம் என்கிறார்கள். யாரும் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். முக்கியமான நிபந்தனை: திருத்திய பதிப்பைப் பிறருக்குக் கொடுப்பவர் அதன் செய்முறையையும் மறைக்காமல் கொடுக்க வேண்டும்.

பின்னர் அவர் ஒதுங்கிக்கொண்டார், வேலை நிற்கவில்லை. பல நாடுகளிலே, ஒருவரையொருவர் நேரில் பார்த்திராதவர்கள், சம்பளம் இல்லாமல் அதைத் தொடர்ந்தார்கள்.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. எழுத்து புதியதே தவிர, படங்களும் ஓசைகளும் பழைய விளையாட்டினுடையவை. ரயில், மரம், வீடு எல்லாம் பிறருடைய சொத்து. ஆகவே பழைய வட்டு வைத்திருப்பவர் மட்டும்தான் முறைப்படி விளையாட முடிந்தது. "யார் பார்க்கப் போறாங்க, அப்படியே எடுத்துக்கலாம்" என்று அவர்கள் நினைத்திருக்கலாம். நினைக்கவில்லை. ஆயிரக்கணக்கான சிறு படங்களைத் தொண்டர்களே புதிதாக வரைந்தார்கள். ஓசைகளையும் இசையையும் புதிதாகச் சேர்த்தார்கள். பழைய வட்டின் துணையில்லாமலே விளையாடலாம் என்ற நிலை வந்த பிறகு, 2010 ஏப்ரல் 1-ஆம் நாள், 1.0 என்ற எண்ணைப் போட்டார்கள். தொடங்கி ஆறு ஆண்டுகள்!

ஒருவர் செய்ததைப் பிரித்துப் படித்து இன்னொருவர் எழுதுவது முறையா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். சட்ட நுணுக்கம் வேறு. என் மனத்திற்குப் பட்டதைச் சொல்கிறேன். அவர்கள் மூலவரை மறைக்கவில்லை. விளையாட்டைப் பற்றிய விவரப் பக்கத்தைத் திறந்தால், மூல உரிமை 1995 கிறிஸ் சாயர் என்று முதலிலே நிற்கிறது. படம் வரைந்த சைமன் ஃபோஸ்டர் பெயரும் இருக்கிறது. பக்கத்துப் பிள்ளையின் கட்டுரையைப் பார்த்தெழுதிவிட்டுத் தன் பெயரைப் போட்டுக்கொள்ளும் வேலை இது இல்லை என்பது என் கருத்து. மாறுபடுகிறவர்கள் தேநீர் நேரத்திலே என்னிடம் வாதாடலாம்.

அதோடு, அவர்கள் பழையதை அப்படியே வைத்துக்கொண்டும் இருக்கவில்லை. இரண்டு சமிக்ஞைகளுக்கு இடைப்பட்ட தண்டவாளத்திலே ஒரு ரயில் இருந்தால் மற்றது வெளியே நிற்கும். பழைய விளையாட்டிலே அதுதான் விதி. பெரிய சந்திப்புகளிலே இது தொல்லை. ஒன்றையொன்று தொடாத பாதையிலே போகும் இரண்டு ரயில்கள்கூட வீணாகக் காத்துக் கிடக்கும். 2009-இல் வந்த பதிப்பிலே, ரயில் தான் போகும் பாதையை மட்டும் முன்கூட்டியே பிடித்து வைத்துக்கொள்ளும்படி மாற்றினார்கள். யாரோ ஓர் ஆள் எழுதிக் கொடுத்த யோசனை, பலர் சோதித்துப் பார்த்து உள்ளே சேர்ந்தது. இப்போது பணக் கணக்கை நம் மலேசிய ரிங்கிட்டிலேகூட வைத்துக்கொள்ளலாம். அதைச் சேர்க்கச் சொல்லி எந்த முதலாளியும் உத்தரவு போடவில்லை.

மொழிகளின் பட்டியலிலே தமிழும் இருக்கிறது, அன்பர்களே! அதுவும் தொண்டர்கள் செய்ததுதான். பிள்ளைகளை உட்கார வைத்து, விளையாட்டிலே வரும் சொற்களுக்கு நீங்களே தமிழ் சொல்லுங்கள் என்றேன். 'சிக்னல்' என்பதற்குச் 'சமிக்ஞை' என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். ஒரு மாணவி மட்டும், "எங்க தாத்தா கைகாட்டின்னு சொல்வாரு, சார்" என்றாள். வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. கைபோல் நீண்ட பலகை ஏறி இறங்கிய காலத்துச் சொல் அது. அவள் தாத்தாவின் அப்பா ரயில்வேயிலே பாதை பார்த்தவர். இந்த நாட்டிலே தைப்பிங்குக்கும் போர்ட் வெல்ட்டுக்கும் இடையே 1885-இல் முதல் ரயில் ஓடிய நாளிலிருந்து, தண்டவாளத்தோடு நம்மவர் பட்ட பாட்டுக்குக் குறைவில்லை. அந்தப் பாட்டோடு பிறந்த சொற்கள் இன்னும் சில வீடுகளிலே இருக்கின்றன; எழுதி வைக்கத்தான் ஆளில்லை.

ஆகவே பெற்றோர்களிடம் இரண்டு விண்ணப்பம். முதலாவது, வெள்ளிக்கிழமை பள்ளி முடிந்த பிறகு ஒரு மணி நேரம், பள்ளியின் பழைய கணினிகளிலே இந்த விளையாட்டை நடத்தத் தலைமையாசிரியர் ஒப்புதல் தந்திருக்கிறார். நான் கூடவே இருப்பேன். விருப்பமுள்ளவர்கள் கையொப்பமிட்டு அனுப்புங்கள். விருப்பமில்லை என்றால் வருத்தமில்லை. கைப்பேசிக்கு இது மாற்று மருந்து என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

இரண்டாவது, வாசலிலே மேசைமேல் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. ரயில், லாரி, பால் நிறுவை, தொழிற்சாலை சம்பந்தமாக உங்களுக்குத் தெரிந்த பழைய சொல் எதுவானாலும் அதிலே எழுதுங்கள். எழுத வராதவர்கள் வெட்கப்பட வேண்டாம். பேனாவோடு நான்காம் ஆண்டுப் பிள்ளைகள் இருவர் பக்கத்திலே நிற்பார்கள், சொன்னால் எழுதிக்கொள்வார்கள். முதல் பக்கத்திலே 'கைகாட்டி' ஏறிவிட்டது.