மாதிரியும் அளவும்: கணித வகுப்பில் கைகளுக்கும் வேலை

(ஆண்டுக் கூட்டத்தில் பெற்றோர்களிடையே ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கணித ஆசிரியர்களாகிய நாங்கள் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசுவோம் எனத் தாங்கள் எதிர்பார்த்திருக்கலாம். நாங்கள் பேச விரும்புவதோ அட்டைப் பெட்டியையும் அளவு நாடாவையும் பற்றி.

பள்ளிக் கண்காட்சி வந்துவிட்டால் தெர்மாகோல் வீடுகளும் பாலங்களும் அணைகளும் வரிசை கட்டி நிற்கின்றன. அவற்றுள் பல, பெற்றோர் இரவெல்லாம் விழித்துச் செய்தவை. சில, கடையில் வாங்கியவை. பார்வைக்கு அழகுதான். ஆயினும், "உண்மைப் பொருளைவிட இது எத்தனை மடங்கு சிறியது?" என்று கேட்டால் மாணவர் விழிக்கின்றனர். வாசற்கதவைவிட உயரமான நாற்காலி உள்ளே இருக்கும்! விகிதம் இல்லாத மாதிரியைப் பொம்மை என்றே நாங்கள் சொல்வோம்.

1:50 என்றால் தாளில் 1 செ.மீ., தரையில் 50 செ.மீ. ஆறு மீட்டர் நீளமுள்ள வகுப்பறை தாளில் 12 செ.மீ. ஆகும். இதைக் கரும்பலகையில் விளக்க இரண்டு நிமிடம் போதும். மாணவரே அளக்கும்போதுதான் பாடம் தொடங்குகிறது. ஒரே மேசையை ஐவர் அளந்தால் ஐந்து விடைகள் வருகின்றன. ஒருவர் அளவுகோலின் விளிம்பிலிருந்து தொடங்குவார். மற்றவர் பூச்சியக் கோட்டிலிருந்து. இன்னொருவர் நாடாவைத் தொய்வாகப் பிடித்திருப்பார். எஃகு நாடாவின் முனைக் கொக்கி ஆடுவதைக் கண்டு பழுது என்று எண்ணுவோரும் உண்டு. அது பழுதன்று. வெளியே மாட்டி இழுத்தாலும் சுவரில் முட்டக் கொடுத்தாலும் கொக்கியின் தடிமன் கணக்கைக் கெடுக்காதிருக்கவே அதை அவ்வாறு ஆட விட்டிருக்கிறார்கள்.

இனி, மாணவர் பெரிதும் தடுமாறும் இடத்திற்கு வருவோம். 6 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழமுள்ள ஒரு ஹவுளை 1:20 விகிதத்தில் அட்டையில் செய்வதாகக் கொள்வோம். மாதிரி 30 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம், 5 செ.மீ. ஆழம். அதன் கொள்ளளவு 3 லிட்டர். அப்படியானால் உண்மை ஹவுளில் எவ்வளவு நீர்? "இருபது மடங்கு, 60 லிட்டர்" என்று விடை வரும். 60 லிட்டர் என்பது நாலைந்து குடம் தண்ணீர்! உண்மையில் 24,000 லிட்டர். அதாவது 8,000 மடங்கு. நீளம் 20 மடங்கானால் தரைப் பரப்பு 400 மடங்கு, கனஅளவு 8,000 மடங்கு. சூத்திரத்தை மனனம் செய்தவரும் இங்கே வழுக்குகிறார். 5 செ.மீ. கனப் பெட்டியால் மணலை அள்ளி 10 செ.மீ. கனப் பெட்டியை நிரப்பச் சொல்லுங்கள். இரண்டு முறை போதும் என்று தொடங்கிய பிள்ளை, எட்டாவது முறை கொட்டியபின் அதை மறப்பதில்லை.

இது தேர்வோடு முடியும் செய்தியன்று. 20 அடிக்கு 20 அடி அறையை 30 அடிக்கு 30 அடியாக்கினால், தரை ஓட்டுச் செலவு ஒன்றரை மடங்குதான் கூடும் என நம்பிக் கடன் வாங்கும் குடும்பங்கள் உண்டு. 400 சதுர அடி 900 ஆகிவிடுகிறது, இரண்டேகால் மடங்கு. வீட்டு வரைபடத்தை விரித்து வைத்துக் கொத்தனாரிடம் கேள்வி கேட்க, வீட்டில் ஒருவருக்கேனும் தெரிந்திருக்க வேண்டாமா? அந்த ஒருவர் மகளாகவும் இருக்கலாம். ஆண் பிள்ளைகள் நாடா பிடிக்க, பெண் பிள்ளைகள் குறிப்பெழுத என்று பிரிப்பதை நாங்கள் ஏற்பதில்லை.

வானத்திற்கும் இதே விகிதம்தான். ஒரு லட்சம் கி.மீ.ரை 1 செ.மீ. எனக் கொண்டால் சூரியன் 14 செ.மீ. பந்து; பூமி 15 மீட்டர் தள்ளி ஒரு கடுகு. நெப்டியூனை வைக்க 450 மீட்டர் நடக்க வேண்டும். பெரும்பாலான பள்ளி மைதானங்களில் அதற்கு இடமில்லை. பாடநூல் படத்திலோ எல்லாக் கோள்களும் ஒரே பக்கத்தில் நெருங்கி நிற்கின்றன.

பெற்றோர்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றே. அடுத்த கண்காட்சிக்குப் பிள்ளையின் மாதிரியைத் தாங்கள் செய்து தராதீர்கள். ஒரு நாடாவை வாங்கிக் கொடுங்கள். கோணலாக ஒட்டப்பட்ட அட்டை வீடாயினும், அதன் அடியில் விகிதம் எழுதப்பட்டிருந்தால் நாங்கள் மனமுவந்து முன்வரிசையில் வைப்போம்.