நிஜாம் அனுப்பிய ஆயிரம் பவுன்

1831-ஐ ஒட்டிய காலம். அமெரிக்காவில் கத்ரி, பிரான்சில் சுபேரான், ஜெர்மனியில் லீபிக். ஒருவரை ஒருவர் அறியாமலே மூவரும் தயாரித்தது ஒரே திரவம்: குளோரோஃபார்ம். அதன் வேதி இயைபைச் சரியாகக் கணித்துப் பெயர் சூட்டியவர் பிரெஞ்சு வேதியியலாளர் டூமா. 1847-இல் எடின்பரோ மருத்துவர் சிம்ப்சன் அதை மயக்க மருந்தாக்கினார்.

அறுவை சிகிச்சையில் வலி போயிற்று. சிலருக்கு உயிரும் போயிற்று. முதலில் நிற்பது மூச்சா, இதயமா? மருத்துவ உலகம் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டது.

இந்த வழக்கு விசாரணைக்கு வந்த இடம் நம் ஹைதராபாத்! அங்கே மருத்துவராக இருந்த எட்வர்ட் லாரி, "மூச்சுதான், நாடியை விடுங்கள், மூச்சைக் கவனியுங்கள்" என்று அடித்துச் சொன்னார். 1888-இல் ஒரு குழு ஆராய்ந்து அதையே சொன்னது. லண்டனில் பலர் நம்பவில்லை. ஹைதராபாத்தை ஆண்ட நிஜாம் மஹபூப் அலி கான் விட்டாரா? ஆயிரம் பவுன் கொடுத்து, 'லான்செட்' மருத்துவ இதழ் தேர்ந்தெடுத்த மருத்துவர் லாடர் பிரண்டனை 1889-இல் ஹைதராபாத்துக்கே வரவழைத்தார். நாய், குரங்கு, குதிரை என நூற்றுக்கணக்கான பிராணிகள் மீது சோதனை. பாவம், அவற்றை யார் கேட்டார்கள்! தீர்ப்பு லாரி பக்கம்.

லாரியிடம் பயின்ற ரூபா பாய் ஃபர்தூன்ஜி, உலகின் முதல் பெண் மயக்க மருத்துவர்களில் ஒருவரானார். பிற்பாடு எடின்பரோவில் வேதியியலும் படித்தார்.

ஆனால் 1911-இல் லெவி என்பவர், அரைகுறை மயக்கத்தில் இதயமே திடீரென நின்றுபோகலாம் என நிரூபித்தார். லாரி சொன்னது பாதிதான் சரி.