மழலைக்கு வீட்டிலேயே விளையாட்டுப் பொருள்



குழந்தைக்குக் கொடுக்கும் பாலைச் சூடு பார்த்துக் கொடுக்கிறோம். சோற்றைக் குழைத்து, கல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து ஊட்டுகிறோம். ஆனால் விளையாட்டுப் பொருள் என்று வரும்போது மட்டும், "ஏதோ ஒன்று, பிள்ளை அழாமல் இருந்தால் சரி" என்று விட்டுவிடுகிறோம். இது முறையா? கைக்குழந்தைக்குக் கண்ணும் கையும் மட்டுமல்ல, வாயும் ஓர் ஆராய்ச்சிக் கருவி. கையில் கிடைப்பது எதுவானாலும் அடுத்த நொடி வாய்க்குப் போகிறது. ஆகவே, ஒன்றரை இரண்டு வயது வரையில் விளையாட்டுப் பொருளையும் உணவைப் போலவே கருத வேண்டும். வாயில் வைக்கத் தகாத பொருள், கையில் கொடுக்கவும் தகாது. இந்த ஒரு கருத்தைத்தான் இன்றைய உரையில் விளக்க விரும்புகிறேன்.

முதலில் கடைப் பொருளைப் பார்ப்போம். தைப்பூச நாளில் தண்ணீர்மலைக்குப் போகும் வழியெங்கும், மற்ற நாள்களில் பாசார் மாலாமிலும், பளபளக்கும் நெகிழிப் பொம்மைகள் குவிந்து கிடக்கின்றன. சில வெள்ளிக்குக் கிடைக்கின்றன, பிள்ளையும் கைநீட்டி அழுகிறது, வாங்கிவிடுகிறோம். அவற்றில் எல்லாமே தீயவை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் மலிவான சாயத்தில் ஈயம் கலந்திருக்கக் கூடும். பெரியவர் உடலைவிடக் குழந்தையின் உடல், வயிற்றுக்குள் போன ஈயத்தை நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சிக்கொள்கிறது. அது மூளை வளர்ச்சியைக் கெடுக்கிறது. இந்த அளவு ஈயம் இருந்தால் தீங்கில்லை என்று வரையறுத்துச் சொல்லக்கூடிய அளவே கிடையாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கருத்து. 2007-ஆம் ஆண்டில் உலகப் புகழ்பெற்ற மட்டேல் நிறுவனமே, சாயத்தில் ஈயம் இருந்த காரணத்தால் ஏராளமான பொம்மைகளைத் திரும்பப் பெற்றுக்கொள்ள நேர்ந்தது. பெரிய நிறுவனத்திற்கே இந்நிலை என்றால், பெயரும் ஊரும் இல்லாத பொம்மையைப் பற்றி என்ன சொல்வது?

ஈயத்தைத் தவிர, நெகிழியை மிருதுவாக்கச் சேர்க்கும் தாலேட் என்னும் இரசாயனங்களும் உண்டு. குழந்தைகள் வாயில் வைக்கும் பொருள்களில் இவற்றுள் சிலவற்றை ஐரோப்பிய நாடுகள் 2005-இல் சட்டமியற்றித் தடுத்துள்ளன. நம் நாட்டிலும் விளையாட்டுப் பொருள்களின் பாதுகாப்புத் தரத்திற்கென்று 2009-இல் விதிமுறைகள் வகுக்கப்பட்டன. கடையில் வாங்குவதானால் எம்.சி. என்னும் குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 1969-இல் தோன்றிய நம் பினாங்குப் பயனீட்டாளர் சங்கம், ஆபத்தான விளையாட்டுப் பொருள்களைப் பற்றியும் மக்களை எச்சரித்து வந்திருக்கிறது.

உடைந்த நெகிழிப் பொம்மை எங்கே போகிறது என்பதையும் எண்ணிப் பாருங்கள். அது மக்குவதில்லை, கால்வாயில் கிடக்கும், அல்லது குப்பையோடு எரிந்து நச்சுப் புகையாகும். பினாங்கில் 2011 முதல் கடைகளில் நெகிழிப் பைகளை இலவசமாகக் கொடுப்பதில்லை. கடையில் பையை மறுக்கப் பழகிக்கொண்ட நாம், ஒரு வாரத்தில் உடையும் பொம்மையையும் மறுக்கப் பழக வேண்டாமா?

மறுத்தால் பிள்ளைக்கு எதைக் கொடுப்பது? நம் முன்னோர் எதைக் கொடுத்தார்கள்? பனையோலையில் கிலுகிலுப்பை, மரத்தில் மரப்பாச்சி, சொப்பு, பம்பரம், நடைவண்டி. கருநாடக மாநிலத்தில், பெங்களூரிலிருந்து மைசூர் போகும் சாலையில் சன்னப்பட்டணம் என்றோர் ஊர் உண்டு. அங்கே வெப்பாலை மரத்தைக் கடைந்து, வண்ணம் கலந்த அரக்கை, சுழலும் மரத்தின் மேல் அழுத்துகிறார்கள். உரசும் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் பிடித்துக்கொள்கிறது. பிறகு எதைக்கொண்டு மெருகேற்றுகிறார்கள் தெரியுமா? தாழை மடலைக்கொண்டு! நம் மலாய் அண்டை வீட்டார் பாய் முடைகிறார்களே, அந்த மெங்குவாங் இனம்தான் தாழை. இயற்கைப் பொருளாலும் பளபளப்பு வரும் என்பதற்கு இது ஒரு சான்று.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் பால்மரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1877-இல் கோலகங்சாரில் ஊன்றிய சில கன்றுகளிலிருந்து தொடங்கிய கதை அது. அந்த மரத்தை நம்பித்தான் நம் பாட்டன் பாட்டி கப்பலேறி வந்தார்கள். ஏறத்தாழ 25 ஆண்டுகள் பால் கொடுத்த மரம் ஓய்ந்ததும் அதை வெட்டி விறகாக்கினோம், எரித்தோம். நமக்கு வடக்கே, தாய்லாந்தின் திராங் மாநிலத்தில், 1981-இல் ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. பிளான்டாய்ஸ் என்பது அதன் பெயர். பால் வற்றிய மரத்தை அறுத்துக் குழந்தைகளுக்குக் கட்டைகளும் வண்டிகளும் செய்தது. இன்று அவை உலகெங்கும் விலைபோகின்றன. நாம் அடுப்பில் வைத்தது அங்கே தொட்டிலருகே போயிற்று. கையருகே இருப்பதன் அருமை நமக்குத் தெரியாமல் போகக்கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

ஆயினும் ஒன்றை மறந்துவிடலாகாது. "இயற்கையாக விளைந்தது, கையால் செய்தது, ஆகவே கெடுதல் இல்லை" என்று நினைப்பது பெருந்தவறு. இயற்கையிலும் நஞ்சு உண்டு.

குன்றிமணியைப் பாருங்கள். சிவப்பும் கறுப்புமாய் எவ்வளவு அழகு! மண் பிள்ளையாருக்குக் கண்ணாக வைக்கிறோம். ஆனால் அதைக் கடித்து மென்றுவிட்டால் ஒரே விதை சிறு குழந்தையின் உயிருக்கு உலை வைத்துவிடும். துளையிட்டுக் கோத்த மணி இன்னும் கொடியது. மேலோடு உடைந்திருப்பதால் நஞ்சு எளிதில் வெளிப்படும். ஆமணக்கு விதையும் அத்தகையதே. வெயில் நாளில் படீரென்று வெடித்துச் சிதறும் பால்மரக் கொட்டையைப் பிள்ளைகள் பொறுக்கி விளையாடுகிறார்கள். அதன் பச்சைப் பருப்பில் சயனைடு நஞ்சை உண்டாக்கும் பொருள் இருக்கிறது. பெரிய பிள்ளைகள் அதில் நூல் கோத்துச் சுழற்றி விளையாடட்டும். தின்னக்கூடாது என்று சொல்லிக் கொடுங்கள். தவழும் பிள்ளை இருக்கும் இடத்தில் அது கிடக்கவே கூடாது. அரளியின் இலை, பூ, குச்சி, கட்டை அனைத்தும் நஞ்சு. அதில் எதையும் செதுக்கிக் கொடுக்காதீர்கள்.

இவற்றையெல்லாம்விடக் கொடியது, காலியான பூச்சிமருந்துக் கலனும் களைக்கொல்லித் தோம்பும். மூடியைச் சக்கரமாக்கி வண்டி செய்வதும், தோம்பைத் தண்ணீர் மொள்ளக் கொடுப்பதும் தோட்டங்களில் நடக்கக்கூடியவையே. பாராகுவாட் என்னும் களைக்கொல்லியை நம் நாட்டில் 2020-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து தடைசெய்துவிட்டார்கள். எனினும் மற்ற மருந்துகள் புழக்கத்தில் இருக்கின்றன. எத்தனை முறை கழுவினாலும் அந்தக் கலன் பிள்ளைக்கு உரிய பொருளாகாது. ஓட்டை போட்டு, எவரும் எடுக்க முடியாதபடி, நிருவாகத்திடம் ஒப்படைத்துவிட வேண்டும்.

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது? மூன்று சோதனைகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: வாய், தொண்டை, கழுத்து.

முதலாவது, வாய்ச் சோதனை. நாள் முழுவதும் பிள்ளை சப்பினாலும் சாயம் போகக்கூடாது, சிலாம்பு ஏறக்கூடாது, கூர்முனை இருக்கக்கூடாது. கழுவி வெயிலில் காய வைக்கத் தக்கதாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, தொண்டைச் சோதனை. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பொருள்களைச் சோதிக்க ஒரு சிறு குழல் வைத்திருக்கிறார்கள். அதன் வாய் அகலம் ஏறத்தாழ 3.2 சென்டிமீட்டர். அதற்குள் முழுமையாக அடங்கிவிடும் எதுவும் குழந்தையின் தொண்டையை அடைக்கலாம். பொத்தான், புளியங்கொட்டை, கோலிக்குண்டு, பொம்மையின் கண் எல்லாம் அடங்கும். பலூனையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். நாம் வெட்டிய பாலில் செய்ததுதான். ஆனால் வெடித்த துண்டு தொண்டையில் ஒட்டிக்கொண்டால் மூச்சே நின்றுவிடும்.

மூன்றாவது, கழுத்துச் சோதனை. பொம்மையில் கட்டிய கயிறு ஒரு சாணுக்குமேல் நீளக்கூடாது. ஏணையிலோ தொட்டிலிலோ எதையும் கயிறு கட்டித் தொங்கவிட்டு, பிள்ளை எட்டிப்பிடிக்கும்படி விடாதீர்கள். ஒரு வயது ஆகும் வரையில், உறங்கும் பிள்ளையின் அருகே துணிப்பொம்மையும் வேண்டாம், முகத்தை மூடிவிடலாம்.

இனி, வயதுக்கேற்ற பொருள்களைக் காண்போம்.

பிறந்து மூன்று மாதம் வரையில் பிள்ளைக்குப் பொம்மையே தேவையில்லை. ஒரு சாணுக்குச் சற்று அப்பால் உள்ளதுதான் அதற்குத் தெளிவாகத் தெரியும். பால் கொடுக்கும் தாயின் முகம் அந்தத் தூரத்தில்தான் இருக்கிறது. வெள்ளை அட்டையில் கறுப்புக் கட்டமும் வட்டமும் வரைந்து காட்டினால் கண் அதன்மேல் நிலைக்கும்.

மூன்று மாதத்திலிருந்து ஒன்பது மாதம் வரையில் துணிப்பந்து சிறந்தது. நைந்து மெத்தென்றான பருத்திக் கைலியில் எட்டு இதழ்கள் வெட்டித் தையுங்கள். உள்ளே கழுவிக் காயவைத்த துணித்துண்டுகளைத் திணியுங்கள். தையல் இரட்டையாக இருக்கட்டும். குழந்தை ஒரு கையால் பற்றிக்கொள்ள, இதழ்களுக்கு நடுவே சிறு பள்ளம் விடலாம். பொத்தானும் மணியும் வேண்டவே வேண்டாம்.

தவழத் தொடங்கிய பிள்ளைக்கு அடுக்களையே கடை. ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் எவர்சில்வர்த் தம்ளர்கள், கொட்டாங்கச்சி அகப்பை, மூடியுள்ள டப்பா ஆகியவை போதும். போடுவதும் எடுப்பதும், மூடுவதும் திறப்பதுமே அதற்குப் பாடம். நடை பழக நடைவண்டி நல்லது. பிள்ளை நின்று, தானே தள்ளிக்கொண்டு நடக்கிறது. உட்கார வைத்து உருட்டிவிடும் சக்கர நாற்காலி போன்ற வண்டி அத்தகையதன்று. படியில் உருண்டு விழும் ஆபத்தை முன்னிட்டு, கனடா நாடு அதை 2004-இல் தடைசெய்தது. நம் வீட்டு வாசற்படியை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றரை வயதுக்குமேல் மரக்கட்டைகள் கொடுக்கலாம். காய்ந்த கொய்யாக் கட்டையையோ வேப்பங்கட்டையையோ, பிள்ளையின் உள்ளங்கை அளவுக்கு அறுத்து, மூலைகளை மழுக்கி, உப்புத்தாளால் தேய்த்து, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் பூசினால் போதும். சாயம் வேண்டாம். மரச்சாமான் ஆலைகளிலிருந்து வரும் பால்மரத் துண்டுகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை: பூச்சி அரிக்காமல் இருக்க அவற்றில் போரான் கலந்த மருந்து ஏற்றுவது வழக்கம். வாயில் வைக்கும் வயதில் அவற்றைத் தவிர்த்து, வளர்ந்த பிள்ளைகளுக்குக் கொடுங்கள். கண்ணும் மூக்கும் நூலால் தைத்த துணிப்பொம்மையும் இந்த வயதுக்கு ஏற்றது.

மூன்று வயதைத் தாண்டியபின் தென்னங்கீற்றில் காற்றாடி, காகிதக் கப்பல், கொட்டாங்கச்சித் தராசு என்று வழி விரிகிறது. ஐந்தாறு வயதில் பல்லாங்குழி ஆடலாம். மலாய்க்காரர் அதைச் சோங்காக் என்கிறார்கள். நம்முடையதற்கு 14 குழிகள், அவர்களுடையதற்கு இரு புறமும் பெரிய குழிகளும் உண்டு. குன்றிமணிக்குப் பதிலாகப் புளியங்கொட்டை போட்டு ஆடுங்கள். கூட்டலும் கழித்தலும் தாமாக வரும். ஆட்டம் முடிந்ததும் எண்ணி எடுத்து வைக்க வேண்டும். வீட்டில் தவழும் தம்பி தங்கை இருக்கக்கூடும்.

குழந்தைக் கல்விக்குப் புதுவழி காட்டிய மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, இந்திய ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். அவர் வகுத்த பாடப்பொருள்கள் பெரும்பாலும் மரத்தால் ஆனவை. கைதான் அறிவுக்கு வழி என்பது அவர் கொள்கை. பேசும் பொம்மை பேசும்போது பிள்ளை சும்மா இருக்கிறது. பேசாத துணிப்பொம்மைக்குப் பிள்ளைதான் பேச வேண்டியிருக்கிறது. முதல் வகுப்பில் சேரும் பிள்ளைகளை ஆண்டுதோறும் பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: பென்சில் பிடிக்கும் விரல், எழுத்தறியும் முன்பே எதையாவது அடுக்கி, கோத்து, பிசைந்து பழகியிருந்தால் எங்கள் வேலையில் பாதி முடிந்தது.

இறுதியாக ஒன்று. எவ்வளவு காத்தாலும் தவறு நேரலாம். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தொண்டை அடைத்து, அழவும் இருமவும் முடியாமல் போனால், வாய்க்குள் கண்மூடித்தனமாக விரலை விடாதீர்கள். பிள்ளையை முன்கையில் குப்புறக் கிடத்தி, தலையைத் தாழ்த்திப் பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடியால் ஐந்து முறை தட்டுங்கள். வரவில்லையென்றால் மல்லாத்தி, நெஞ்சின் நடுவே இரு விரல்களால் ஐந்து முறை அழுத்துங்கள். மாறி மாறிச் செய்யுங்கள். மற்றொருவர் 999-ஐ அழைக்கட்டும்.

தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்டன. எங்கே குடிபெயர்ந்தாலும் ஊசி நூலும், பழைய கைலியும், கொட்டாங்கச்சியும் நம்மோடு வரும். தாய் தைக்கட்டும், தந்தை கட்டையைத் தேய்க்கட்டும், பாட்டி பல்லாங்குழி சொல்லிக் கொடுக்கட்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு துணிப்பந்தில் தொடங்குங்கள். அதற்கு முன்பாக, வீட்டில் இப்போது இருக்கும் பொம்மைகளை ஒருமுறை தரையில் பரப்பி, வாய், தொண்டை, கழுத்து என்று மூன்று சோதனையும் செய்து பாருங்கள். தேறாததை இன்றே அப்புறப்படுத்துங்கள்.